காயலான் கடையில் வாங்கிய ஃபயர்வால்

நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் போன மாதம் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புது ஃபயர்வால் வந்திருக்கிறதாம். பெட்டியைக் காட்டினார்கள். மெல்லிசாக, பளபளவென்று, ஸ்வீட் பாக்ஸ் மாதிரி இருந்தது. அதை நான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கேட்டாள். "மேடம், நீங்க ஒரு காலத்துல வீட்டுல குக்கரை வச்சு ஃபயர்வால் செஞ்சீங்களாமே, உண்மையா?"

குக்கரை வைத்துச் செய்யவில்லை. குக்கருக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம், அவ்வளவுதான். எங்கள் வீட்டு அடுக்களை அலமாரியில் மேல்தட்டில் குக்கர், கீழ்த்தட்டில் ஃபயர்வால். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே என் கதை இந்த அளவுக்குக் குழைந்துபோயிருந்தால், இன்னும் பத்து வருடம் போனால் நான் இட்லிப் பானையில் சர்வர் அவித்தேன் என்று சொல்வார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. டிப்ளமோ முடித்து, தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கைத் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். அந்தச் சாலையில் அப்போது எங்கே பார்த்தாலும் பூமி பூஜைப் பந்தல். எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் புதிதாக வந்த எதிர் கம்பெனிக்குத் தாவினார். காலியான நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். கேபிள் இழுத்தேன். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவினேன். சர்வரைக் கண்டு பயந்தேன். பிறகு பயம் தெளிந்தது. என் பயிற்சிக் காலம் என்பது இவ்வளவுதான்.

எங்கள் மேலதிகாரி வரதராஜன் சார். ஒல்லியான மனிதர். மிக மெதுவாகப் பேசுவார். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் அவரிடம் எதையாவது கேட்பவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பதிலைத் தெரிந்துகொள்வார்கள். பதில் பெரும்பாலும் 'முடியாது' என்பதுதான். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. யார் எதைக் கேட்டாலும் அவர் திருப்பிக் கேட்பது இந்த மூன்றுதான்: "யாருக்கு? எதுக்கு? இல்லேன்னா என்ன ஆகும்?"

ஃபயர்வால் என்பது ஒரு காவல். கம்பெனிக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, வருகிற போகிற ஒவ்வொரு செய்தியையும் பார்த்து, நீ போகலாம், நீ போகக்கூடாது என்று சொல்கிற இயந்திரம். எங்கள் கம்பெனியின் ஃபயர்வாலை வரதராஜன் சார்தான் பார்த்துக்கொண்டார். எல்லாக் கதவையும் முதலில் மூடிவிடு, பிறகு கேட்கிறவனுக்கு மட்டும் ஒவ்வொன்றாகத் திற என்பது அவர் முறை. ஒருநாள் பிளான்ட் மேனேஜரே எங்கள் அறைக்கு வந்தார். அவருடைய மச்சான் கல்யாணப் போட்டோக்களை ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டிருக்கிறாராம். அது திறக்கவில்லையாம்.

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

"எதுக்கு?"

"போட்டோ பார்க்கத்தான், வரதராஜன்."

"பார்க்கலேன்னா என்ன ஆகும் சார்?"

பிளான்ட் மேனேஜர் நியாயமான மனிதர். உண்மையிலேயே யோசித்தார். "ஒண்ணும் ஆகாது," என்றார். வரதராஜன் சார் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார். நான் ஞானஸ்நான வீட்டுக்குப் போக லீவு கேட்டபோதும் இதே மூன்று கேள்விதான். "நான் போகலேன்னா குழந்தை அஞ்ஞானியாவே இருக்காது சார், ஆனா எங்க மாமியார் என்னை அப்படித்தான் சொல்லுவாங்க," என்றேன். லீவு கிடைத்தது.

அவரிடம் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டர்களை ஏலத்தில் விடுவதற்கு முன்னால், அவற்றின் ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி ஒரு டிரேயில் அடுக்கிக்கொண்டு டூல் ரூமுக்குப் போவார். சட்டைக்கையை மடித்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, டிரில்லிங் மெஷினில் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டை போடுவார். ஆபரேட்டர், "குடுங்க சார், நான் போடுறேன்," என்று கையை நீட்டினால் தரமாட்டார். "இதுல கம்பெனியோட கணக்கெல்லாம் இருந்துச்சு. நான்தான் போடணும்," என்பார். டிஸ்க்கில் டிரில் இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும். மற்ற நேரங்களில் அதைப் பார்க்க முடியாது.

இனி வீட்டுக்கு வருகிறேன். ஒரகடம் கூட்ரோட்டுக்கு உள்ளே, மாதா கோவிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. நான், என் கணவர் சேவியர், அவருடைய அக்கா பிலோமினா. மாடியில் ஒரு அறை. அதில் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை.

பிலோமினா அண்ணி கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். படப்பையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பல வருடம் சொல்லிக்கொடுத்தார். கம்ப்யூட்டர் வந்ததும் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அண்ணி வீட்டில் பாத்திரங்களோடு மட்டும் பேசினார். தட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டால், "போதும், தம்பி சம்பாத்தியம்," என்பார். அது யாரைக் குத்துவதற்காகச் சொன்னது என்று எங்களுக்குத் தெரியாது. எல்லோருக்கும் குத்தும்.

அப்போதுதான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவுசெய்வார்கள். அந்த ஆடியோ இங்கே வரும். கேட்டுத் தட்டச்சு செய்து உடனே திருப்பி அனுப்ப வேண்டும். சென்னையில் ஒரு ஏஜென்சி வீட்டிலிருந்து வேலை செய்ய ஆள் எடுத்தது. அண்ணி தேர்வு எழுதினார், முதலில் வந்தார். கேபிள் டிவிக்காரர் எங்கள் தெருவுக்கு அப்போதுதான் இன்டர்நெட்டும் கொடுக்கத் தொடங்கியிருந்தார். ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அண்ணியின் விரல்கள் ஓடுவதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் மழை பிடித்துக்கொண்டதென்று கொடியில் காய்ந்த துணியை எடுத்தார்.

அண்ணி ஆளே மாறிப்போனார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு டாக்டர்களைத் திட்டுவார். "வாயில வடைய வச்சிக்கினு பேசுறான் பாரு! துப்பிட்டுச் சொல்லுடா!" தெருவில் யாராவது இருமினால் போதும், இங்கிலீஷில் ஒரு வியாதியின் பெயரைச் சொல்வார். முதல் மாதச் சம்பளத்தில் எங்கள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிவந்தார். அன்றைக்கு நான் இரண்டாவது தடவை பரிமாறியபோது தட்டை நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் புழு வந்தது. உலகம் முழுக்கப் பரவிய ஒன்று. இன்டர்நெட்டில் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டருக்குள் கேட்காமலே நுழைந்துவிடும். திரையில் ஒரு பெட்டி தோன்றி, இன்னும் ஒரு நிமிடத்தில் நான் அணைந்துவிடுவேன் என்று பின்னோக்கி எண்ணும்.

"ஸ்டெல்லா! இங்க வா! இது இன்னாடி, ராக்கெட் வுடுற மாதிரி எண்ணிக்கினு கீது?"

நான் ஓடிப்போவதற்குள் ராக்கெட் போய்விடும். பாதி தட்டச்சு செய்த ஒரு இருதய நோயாளியும் அதோடு போய்விடுவார். சில நாளில் அண்ணி அந்த எண்ணிக்கையோடு பந்தயம் கட்டத் தொடங்கினார். பெட்டி வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி வரியை அடித்துச் சேமித்துவிடுவார். "ஜெயிச்சிட்டேன்!" என்று கத்துவார். ஆனால் ஃபைல் நேரத்துக்குப் போகவில்லை. ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. நோயாளிகளின் விவரம் இருக்கும் கம்ப்யூட்டர், அதனால் இனிமேல் வீட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஃபயர்வால் வைக்க வேண்டும், ஆள் வந்து பார்ப்பார்கள், இல்லையென்றால் ஃபைல் அனுப்பமாட்டோம் என்றார்கள்.

கடையில் விசாரித்தேன். ஃபயர்வால் பெட்டியின் விலைக்கு எங்கள் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் விற்றாலும் போதாது. அன்று மாலை நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, அண்ணி மறுபடி பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வரதராஜன் சாரிடம் போனேன். ஏலத்துக்கு வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்றை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"எங்க நாத்தனாருக்கு சார்."

"எதுக்கு?"

"ஃபயர்வால் பண்ண. ரெண்டு நெட்வொர்க் கார்டு போட்டு, இலவசமா கிடைக்கிற லினக்ஸ் சாஃப்ட்வேர ஓடவிட்டா, பழைய மெஷினே போதும்னு படிச்சேன்."

"இல்லேன்னா என்ன ஆகும்?"

"அவங்க வேலை போயிடும் சார். வேலை போனா அவங்க மறுபடி எங்ககிட்டப் பேச மாட்டாங்க."

அவர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "கம்பெனி சாமானை கம்பெனி ஆளுங்க எடுத்துட்டுப் போகக்கூடாது, ஸ்டெல்லா. போன ஏலத்துல எடுத்தவர் படப்பையில காயலான் கடை வச்சிருக்கார். அங்க போங்க. பில் வாங்கிக்குங்க." கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக, "செஞ்சு முடிச்சதும் சொல்லுங்க. நான் வந்து உடைச்சுப் பார்க்கணும்," என்றார்.

காயலான் கடை பாஷா பாய் கம்ப்யூட்டரை எடைக்கு விற்றார். தராசுக்குப் பக்கத்தில் ஒரு கோணிப்பை நிறைய கார்டுகள் கருவாடு மாதிரி குவிந்திருந்தன.

"கார்டு மட்டும் தனி ரேட்டும்மா. அதுல தங்கம் கீது."

"தங்கமா?"

"இந்த ஓரம் மின்னுது பாரு, தங்க முலாம். சுரண்டி எடுக்க ஆளுங்க வர்றாங்க. நீ இன்னாத்துக்கு எடுக்குறே?"

"இன்டர்நெட்டுக்கு பாய். வீட்டுல மாட்டப்போறேன்."

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இத்த யாரும் மறுபடி ஓட வுட்டதே இல்லம்மா. நான் இத்தெல்லாம் செத்து மவுத்தானது தெரிஞ்சிதான் வாங்குறேன்."

குவியலில் தேடும்போது ஒரு கேபினெட்டின் பக்கவாட்டில் வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் தெரிந்தது. நான் ஒட்டியதுதான்! வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சம்பளக் கணக்குப் போட்ட அதே பென்டியம் கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க் இருந்த இடம் காலியாக இருந்தது. அது எங்கே போனது, எப்படிப் போனது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதையும் கோணிப்பையிலிருந்து நல்லதாக மூன்று கார்டுகளையும் எடுத்துக்கொண்டேன். மாதாவோடு சேர்த்து எடை போட்டார் பாய். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அண்ணி அதைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "ஒரு நல்ல கம்ப்யூட்டரக் காப்பாத்த ஒரு செத்த கம்ப்யூட்டரா?" என்றார். ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். நான் மூடியைக் கழற்றினேன். உள்ளே பிரஸ் ஷாப்பின் கரித்தூசி படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி, அதன் முனையை அழிரப்பரால் தேய்த்து, டப்பென்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினேன். கேபிள் சொருகுகிற நெட்வொர்க் கார்டு இரண்டு போட்டேன். ஒன்று தெருவிலிருந்து வரும் கேபிள் மோடத்துக்கு, இன்னொன்று வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு.

ஹார்ட் டிஸ்க் இல்லாததுதான் இதில் வசதி. ஒரே ஒரு பிளாப்பி டிஸ்க்கில் அடங்கிவிடுகிற லினக்ஸ் அப்போது கிடைத்தது. இயந்திரம் பிளாப்பியிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் ராமில் ஏற்றிக்கொண்டு, அங்கேயே ஓடும். பிளாப்பியின் மூலையிலிருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிட்டால், படிக்கலாம், எழுத முடியாது. யாராவது உள்ளே புகுந்து எதையாவது கெடுத்துவிட்டாலும், அணைத்துப் போட்டால் பழையபடி சுத்தமாக எழுந்து நிற்கும். இதை நான் சொன்னபோது அண்ணி, "சாமியார்கிட்டப் பாவத்தயெல்லாம் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வர்ற மாதிரி," என்றார். இதைவிட நன்றாக யாரும் அதை விளக்கி நான் கேட்டதில்லை.

முதல் தடவை போட்டதும் திரையில் வந்த செய்தி: கீபோர்டு இல்லை, தொடர்வதற்கு கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தவும். அண்ணி அதை இரண்டு தடவை படித்தார். "இல்லாத கீபோர்டுல எப்படிடி அழுத்துறது? இத்த எழுதினவன் எங்க டாக்டருங்களுக்குச் சொந்தக்காரனா இருப்பான்." செட்டிங்கில் அதை மாற்றினேன். மறுபடி போட்டால், வீட்டில் இன்டர்நெட்டே வரவில்லை. பொழுது சாயும் வரை தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் கேபிளை மாற்றிச் சொருகியிருக்கிறேன். எங்கள் ஃபயர்வால் அவ்வளவு நேரமும் பிலோமினா அண்ணியிடமிருந்து உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. என் கணவர், "அதுவும் தேவைதான்," என்று சொல்லிவிட்டு அண்ணியிடம் கொட்டு வாங்கினார். அன்றைக்கே தெருப்பக்கத்துக் கார்டில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்துவிட்டேன்.

கேபிளை மாற்றியதும் வேலை செய்தது. அண்ணியின் கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து, புழுவைத் தடுக்கும் திருத்தத்தையும் போட்டுக் கொடுத்தேன். ராக்கெட் எண்ணிக்கை நின்றது.

ஆனால் அடுத்த வாரமே வேறு பிரச்சினை. ஆடியோ ஃபைல் ஒன்று வந்து சேர ஒரு காலைப்பொழுதே ஆனது. ஆமை கூட இதைவிட வேகமாகப் படப்பைக்குப் போய் வந்துவிடும். கேபிள்காரரைக் கேட்டேன். "எங்க லைன்ல ஒண்ணும் இல்ல மேடம். உங்க வூட்லேர்ந்துதான் குப்பை குப்பையா வருது. இப்படியே இருந்தா கட் பண்ணிடுவேன்," என்றார்.

என் வீட்டிலிருந்தா? ஃபயர்வாலுக்கு ஒரு மானிட்டரை மாட்டி, உள்ளேயிருந்து வெளியே போவதைப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டர் உலகத்திலுள்ள முகவரியெல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தது. அது அண்ணியுடையது இல்லை. மாடியிலிருந்து வந்தது.

மாடிப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். எங்கள் லைனிலேயே ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்திருந்தேன். அதை எப்படி மறந்தேன் என்று கேட்காதீர்கள். வாசலில் காவல் போட்டாகிவிட்டது, திருடன் மாடியில் குடியிருக்கிறான்.

அண்ணி தாம் தூமென்று குதித்தார். "கேபிள அறுத்துப் போடு. ஏஜென்சிக்காரி வந்து பார்த்தா என் பொழப்பு போச்சு. அதுங்களக் காலி பண்ணச் சொல்லு!"

நான் மாடிக்குப் போனேன். இசக்கி என்கிற பையன்தான் அவர்களில் பேசுகிறவன். ஷிப்ட் முடிந்து வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, நாங்க மூணு பேரும் ஓவர்டைம் பாத்து வாங்குன பொட்டிக்கா அது. எங்க அண்ணன் சவூதில இருக்கான். போன் போட்டா காசு கரையுது. ஞாயித்துக்கிழம இதுலதான் பேசுதோம். அவன் மொகத்த எங்கம்மைக்கு போட்டோ எடுத்து அனுப்புததும் இதுலதான். நோய் புடிச்ச பயலுவன்னு எங்கள ஒதுக்கிராதிய."

"ஒதுக்கல தம்பி."

"ஊருல பாத்துட்டுத்தான்க்கா வந்திருக்கோம் அதெல்லாம்," என்றான்.

நான் கீழே இறங்கி வந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அறுத்துவிடுவது ஒரு நொடி வேலை. ஆனால் அவனுடைய அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு அதைச் செய்ய மனம் வரவில்லை. அடுக்களைக்குப் போய் அண்ணியிடம் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் நறுக்கினார். பிறகு, "கோணிப்பையில ஒரு கார்டு எக்ஸ்ட்ரா வாங்கினியே, இன்னாத்துக்கு?" என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்றுதான் வாங்கியிருந்தேன். அதை மூன்றாவதாகப் போட்டேன். தெருவுக்கு ஒரு கார்டு, அண்ணிக்கு ஒரு கார்டு, மாடிக்கு ஒரு கார்டு. மாடியிலிருந்து வெளியே போகலாம், அண்ணியின் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. அண்ணியும் மாடிப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. இசக்கியின் கம்ப்யூட்டரை நானே உட்கார்ந்து சுத்தம் செய்தேன். லைன் பழையபடி ஓடியது. அந்த ஞாயிறு மாடியில், "ஏ அண்ணே, நல்லா இருக்கியால?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம்.

சொன்னபடி வரதராஜன் சார் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த நேரம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே மாடிக்குப் போனார். இசக்கியின் கேபிளைத் தன் லேப்டாப்பில் மாட்டி, அண்ணியின் கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார். மாடிப் பிள்ளைகள் மூவரும் கிரிக்கெட் மேட்ச் மாதிரி சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். முடியவில்லை. கேபிளை மாற்றி, தெருப்பக்கத்திலிருந்து முயன்றார். அதுவும் முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுக் கீழே வந்து, "அம்மா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று அண்ணியிடம் கேட்டார்.

அண்ணி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். திரும்பி வரும்போது வரதராஜன் சார் அண்ணியின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நோயாளியின் பித்தப்பையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"உடைச்சாச்சு," என்றார் மெதுவாக.

"யோவ்!" என்றார் அண்ணி. என் மேலதிகாரியை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "தாகம்னு கேட்டவனுக்குத் தண்ணி எடுக்கப் போனா, இப்டியா?"

"தாகமும் இருக்குங்க," என்று சொல்லி டம்ளரை வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து அண்ணி எழுந்து போகும்போதெல்லாம் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். அடுக்களைக்குக் கறிவேப்பிலை எடுக்கப் போனாலும் சரி. ஒருநாள் சாவியோடு மார்க்கெட்டுக்குப் போய்விட, என் கணவரின் சட்டை உள்ளே மாட்டிக்கொண்டு, அவர் பனியனோடு வாசலில் நின்றது தனிக்கதை.

ஏஜென்சியிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பிதுங்கி வந்திருந்ததால், முதல் சொம்பு மோர் உள்ளே போகும்வரை பேசவில்லை. பிறகு ஃபயர்வாலைக் காட்டச் சொன்னாள். அண்ணி அலமாரியைத் திறந்தார். மேலே குக்கர். கீழே, காற்று போகட்டும் என்று மூடியைக் கழற்றி வைத்திருந்த பென்டியம். பக்கவாட்டில் மாதா.

அந்தப் பெண் குக்கரைப் பார்த்தாள், கீழே பார்த்தாள். "இதுவா மேடம்?"

"இதுதான். குக்கர்ல கைய வச்சிடாத, சூடா கீது."

அவள் தன் கம்ப்யூட்டரை மாட்டி ஏதேதோ சோதித்தாள். தெருப்பக்கத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருக்கும் எதுவும் தெரியவில்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் நெற்றி சுருங்கியே இருந்தது. "டெஸ்ட்டெல்லாம் பாஸ்தான். ஆனா நான் ஆபீஸ்ல சொல்லணுமே. இது எந்தக் கம்பெனி மேடம்?"

அண்ணி என்னைக் கையால் காட்டினார். "இவதான் கம்பெனி."

"ஓ. அப்ப சர்வீஸ்?"

"இவதான் சர்வீஸ்."

"வாரண்டி எவ்வளவு நாளைக்கு மேடம்?"

"என் தம்பியக் கட்டிக்கினு கீறா. எங்க போயிடப் போறா?"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் மோர் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிவிட்டது அண்ணிதான். அந்தப் பெண்ணால் தானாக முடிவு சொல்ல முடியவில்லை. வெளியே போய் போனில் தன் மேனேஜரிடம் ரொம்ப நேரம் பேசினாள். நாங்கள் இரண்டு பேரும் அலமாரிக்கு முன்னால் நின்றோம். அண்ணி என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது. நான் அசையவில்லை. அந்தப் பெண் உள்ளே வந்து, "நாளையிலேர்ந்து ஃபைல் வரும் மேடம்," என்றதும் சட்டென்று விட்டுவிட்டு, "சாப்டுட்டுத்தான் போவணும்," என்று அவளை அதட்டினார்.

அதன் பிறகு அண்ணி பல வருடம் அந்த வேலையைச் செய்தார். ஏஜென்சியில் மற்ற பெண்களுக்கும் விஷயம் போய், என்னிடம் கேட்டு இன்னும் சில வீடுகளில் இதே மாதிரி செய்து கொடுத்தேன். அவர்கள் அதை 'பிலோமினா பாக்ஸ்' என்றார்கள். செய்தவள் பெயர் அதில் வரவில்லை என்று நான் முணுமுணுத்தபோது, "காவலுக்குப் பேர் வக்கிறப்ப, பார்த்தா பயப்படற ஆளு பேருதான் வக்கணும்," என்றார் என் கணவர்.

கடைசியாக ஒன்று. ஒரு கோடைமழையில் இடி இறங்கி எங்கள் பென்டியம் நிஜமாகவே செத்துப்போனது. நான் அப்போது தொழிற்சாலையில் இருந்தேன். அன்றைக்கு எங்களுக்கு ஆடிட். நகர முடியாது. அண்ணியின் போன் வந்தது. "உன் பொட்டி போயிட்சி. மத்தியானத்துக்குள்ள ஒரு ஃபைல் அனுப்பியாவணும்," என்றார். என்னால் வர முடியாது என்றேன். அண்ணி போனை வைத்துவிட்டார். அன்றைய ஆடிட்டில் எனக்கு ஒரு எண்ணும் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். அறையிலிருந்து மழை பெய்கிற மாதிரி தட்டச்சுச் சத்தம். அடுக்களை அலமாரியைத் திறந்து பார்த்தேன். வேறொரு பழைய கம்ப்யூட்டர், நான் இதுவரை பார்க்காதது, ஓடிக்கொண்டிருந்தது. மூன்று கார்டும் மூன்று கேபிளும் அதனதன் இடத்தில் இருந்தன. பக்கத்தில் கரி படிந்த பெயின்ட் பிரஷ், ஒரு அழிரப்பர். அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணியின் இரண்டு விரலில் பிளாஸ்திரி. கேபினெட்டின் தகரம் கிழித்திருக்கிறது. அந்த விரல்களோடுதான் அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, யார் வந்து செஞ்சாங்க?"

அவர் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தினார்.

"பாஷா பாய் கடைக்குப் போனேன், எடுத்துக்கினு வந்தேன், மாட்டினேன், உன் பிளாப்பியச் சொருவினேன். நீ செய்யறப்ப நான் இன்னா கண்ண மூடிக்கினா உக்காந்திருந்தேன்? போ, கை கால் கழுவிட்டுச் சாப்புடு. ஃபைல் போயிட்சி."